நான் சொல்லாமல் விட்ட மஞ்சள்

போன வாரம் இந்தப் பத்தி வராததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தின வாரம் நான் ஒரு மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன்.

'கிட்டத்தட்ட' என்ற வார்த்தையை இவ்வளவு நன்றியோடு நான் எழுதியதே இல்லை. கத்தி கிடையாது, கம்பு கிடையாது. ஆயுதம் என் நாக்குதான். அதுவும் பேசியதால் அல்ல — பேசாமல் விட்டதால். நான் பேசாமல் விட்ட விஷயம்கூட உலகத்தில் உண்டா என்று என் வீட்டிலேயே அதிசயப்பட்டார்கள்.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூர்க் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். சாட்சி தமிழிலோ, தெலுங்கிலோ, உருதுவிலோ சொல்வதை ஜட்ஜ் துரைக்கு இங்கிலீஷில் சொல்வது என் பிழைப்பு. இருபது வருஷமாக.

சாட்சி என்றால் யார்? கால் மணி நேரம் பேசுகிறவன். மழை பெய்ததில் ஆரம்பிப்பான், மாட்டைப் பற்றிச் சொல்வான், மச்சினன் குணத்தைத் தொட்டுக்கொண்டு, கடைசியில், அவன் வந்ததை நான் பார்க்கவில்லை சாமி என்பான். நான் துரை பக்கம் திரும்பி, "பார்க்கவில்லை என்கிறான்" என்று முடித்துவிடுவேன். அப்போது துரையின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள்... அதுதான் எனக்குப் பதக்கம். சுருக்கிச் சொல்வதில் இந்த ஜில்லாவிலேயே எனக்கு நிகர் கிடையாது என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மிக விரிவாக.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன்.

ஆம்பூரில் எனக்கு ஒரு தோஸ்த் இருக்கிறார். தாவூது பாய். டேனரியில் முப்பது வருஷமாக மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறுகிற தோல் எப்போது பதமாகும் என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர், கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கூண்டை விட்டு இறங்கினார். என் உத்தியோகத்தில் அப்படியொரு சாட்சியை நான் கண்டதில்லை. கோர்ட்டு வாசல்வரை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று பிடித்த கை. பதினோரு வருஷமாகிறது.

அந்தத் தாவூது பாய்க்கு மார்பில் கோளாறு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்று அவருடைய மருமகன் கார்டு போட்டிருந்தான். கோர்ட்டு லீவு சமயம். ஆம்பூரில் என் தங்கை வீடு இருக்கிறது. கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே யார்மீதும் எனக்குப் புகார் இல்லை. புகாரெல்லாம் என்மீதுதான். சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு வார்டு, இரண்டுக்கும் சேர்த்துப் பகலில் ஒரே நர்ஸ். சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து வரும். மருந்து பாட்டில் தலைமாட்டில் இருக்கும், கூட இருக்கிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள்.

நர்ஸின் பெயர் எஸ்தர். காவேரிப்பாக்கத்துப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் தெரியும். உருது தெரியாது. அது தெரியாதது ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் தாவூது பாயின் தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். முப்பது வருஷமாக அதில்தான் ஆட்களை வேலை வாங்குகிறார். வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் கேட்பார், எஸ்தர் தமிழில் கேட்பாள், பாய் தமிழில் சொல்வார். ஆக, அங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு வேலையே கிடையாது.

வேலை இல்லாத இடத்தில் என் இருபது வருஷ அனுபவம் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா?

முதல் நாள் டாக்டர் வாயைத் திறந்தார். எஸ்தர் பாய் பக்கம் திரும்புவதற்குள் நான் புகுந்துவிட்டேன். அதுவும் உருதுவில்! டாக்டர் என்னை மெச்சிப் பார்த்தார். எஸ்தரும் பார்த்தாள், அது மெச்சிய பார்வையா என்று நான் ஆராயவில்லை. நீங்கள் யார் என்று கேட்டார் டாக்டர். சொன்னேன். அவ்வளவுதான், அந்த நிமிஷத்திலிருந்து பாய்க்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நான்தான் வாசற்படி.

மருந்து பாட்டில் உங்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதில் கோடு கோடாக வெட்டியிருக்கும். காலை ஒரு கோடு, மத்தியானம் ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு என்றார் டாக்டர். அப்படியே அட்சரம் பிசகாமல் சொன்னேன். பாய் தலையை ஆட்டினார். புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். புரிந்தது என்றேன். எஸ்தர் பாயிடம் என்னவோ கேட்க வந்தாள். "நான் எல்லாம் சொல்லிட்டேம்மா" என்று அவளை நிறுத்திவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அது ரம்ஜான் மாதம்.

எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! தினம் பொழுது சாய்ந்ததும் பாய் வீட்டிலிருந்து பெரிய தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். அதில் முதல் கிண்ணம் எனக்குத்தான். இரண்டாவது கிண்ணமும் பெரும்பாலும் எனக்குத்தான். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பாய் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு மருந்து பாட்டிலை எடுப்பார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்கால மருந்து என்று நினைத்தேன். எத்தனை கோடு இறங்கியது என்று பார்க்கவில்லை. என் கண் கிண்ணத்தில் இருந்தது.

எஸ்தருக்குப் பகல் டியூட்டி. நாலு மணிக்குப் போய்விடுவாள். மறுநாள் காலையில் வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள். மூன்று கோடு இறங்கியிருக்கும். சரியாக இருக்கிறது. நல்லா சாப்பிடுகிறாரா சார் என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். பேஷாகச் சாப்பிடுகிறார் என்றேன். பொய்யா? இல்லை. எப்போது சாப்பிடுகிறார் என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் — கோர்ட்டு எனக்குக் கொடுத்த கல்வி.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் சுற்றி வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மூச்சு தேவலை, கால் வீக்கம் கம்மி என்றார் பாய். அப்புறம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மெதுவாக இன்னொன்றும் சொன்னார்.

"சப் பீலா பீலா திக்ரா, மொதலியார்."

எல்லாம் மஞ்சள் மஞ்சளாகத் தெரிகிறதாம். அந்தச் சுண்ணாம்புச் சுவர்கூட ஆவாரம்பூ மாதிரி இருக்கிறதாம்.

நான் டாக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன்: "மூச்சு தேவலை. வீக்கம் குறைந்திருக்கிறது."

டாக்டர் முகத்தில் நிம்மதி. எனக்குப் பதக்கம். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

ஏன் விட்டேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். முப்பது வருஷம் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கைவிட்டவர், கண்ணில் அந்த நிறம் ஒட்டிக்கொண்டுவிட்டது, மனிதர் கவி பாட ஆரம்பித்துவிட்டார் என்று உள்ளுக்குள் ரசித்தேன். ரசித்தேன் ஐயா! பதினோரு வருஷமாக ஆமாம், இல்லை தவிர எதுவும் பேசாதவர் தானாக ஒரு வாக்கியம் சொல்கிறார் என்றால், நான் நாற்காலியிலிருந்து விழுந்திருக்க வேண்டாமா?

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரை ஓர் இரங்கல் கட்டுரையாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் என்னைக் காப்பாற்றியது என் இன்னொரு துர்க்குணம். நல்ல விஷயம் கிடைத்தால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

எஸ்தர் வராந்தாவில் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். உங்கள் மேஸ்திரி நோயாளி கவியாகிவிட்டார் தெரியுமா, அவருக்கு ஆஸ்பத்திரியே ஆவாரங்காடாகத் தெரிகிறதாம் என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. உதறின கை அப்படியே நின்றது.

"மஞ்சளாத் தெரியுதுன்னாரா? என்னிக்கி சார்?"

"நேத்து காலைல."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லம்மா... அது சும்மா ஒரு பேச்சு..."

நர்ஸுகள் வார்டில் ஓடக் கூடாது என்று சட்டமாம். எஸ்தர் ஓடினாள்.

நான் பின்னாலேயே போனேன். பாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினாள். ஒரு நிமிஷம். மறுபடியும் முதலிலிருந்து ஒரு நிமிஷம். பிறகு டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். நாடி எவ்வளவு என்று கேட்டேன். முப்பத்தெட்டு என்றாள். நல்லதா கெட்டதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகமே சொல்லிவிட்டது.

டாக்டர் வந்தார். மஞ்சளாகத் தெரிவது இந்த மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளமாம். முதல் எச்சரிக்கை. எல்லோருக்கும் இரண்டாவது எச்சரிக்கை கிடைக்காதாம். இதை அவர் எஸ்தரிடம்தான் சொன்னார். 

ஆனால் எப்படி அதிகமாகும்? பாட்டில் சரியாக இருக்கிறதே! டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு பிசகவில்லை. சொன்னபடி குடித்தாரா என்று கேளும் என்றார் என்னிடம். கேட்டேன்.

"ஹாங்" என்றார் பாய்.

"ஆமாம் என்கிறார்" என்றேன். அட்சரம் பிசகாத மொழிபெயர்ப்பு. அப்போதும்.

அப்போது எஸ்தர் ஒரு காரியம் செய்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாய் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாய், நோன்பு எப்டி போவுது?"

வெளிறிப் போயிருந்த அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளாய் அவரை யாரும் கேட்காத கேள்வி.

"அல்லா புண்ணியத்துல ஒண்ணுகூட விடல பேட்டி." பேட்டி என்றால் மகளே என்று அர்த்தம்.

"அப்போ பகல் மருந்து?"

"பகல்ல எப்டிம்மா? பாங்கு சொன்னதும் மூணு கோடும் ஒண்ணா எறக்கிட்றேன். டாக்டரு சொன்னது மூணு. ஒரு நாள்கூட நான் கம்மி பண்ணல."

பெருமையாகச் சொன்னார். ஒழுங்கான மனிதர் சொல்கிற பெருமை.

இடி விழுந்தாற்போல என்று எழுதுகிறோமே, அது சரியில்லை. இடிக்கு ஒரு சத்தம் இருக்கிறது. இது சத்தமில்லாமல் விழுந்தது. ஐந்து நாள், ஐந்து மாலை. அவர் என் எதிரில் உட்கார்ந்து மூன்று கோட்டை ஒரே மடக்கில் இறக்குகிறார். பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத உடம்பு, ஏற்கெனவே தள்ளாடுகிற இதயம். நானோ இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து கஞ்சியில் இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி என்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருந்தை உடனே நிறுத்த வேண்டும், தண்ணீர் உடனே உள்ளே போக வேண்டும் என்றார் டாக்டர். காலை பத்து மணி. சூரியன் மறைய எட்டு மணி நேரம் இருந்தது. அதுவரை நாடி காத்திருக்காது. "குடித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லும்" என்று என்னைப் பார்த்தார். நானும் அந்த உத்தரவை உருதுவில் சமைக்க ஆரம்பித்துவிட்டேன். எஸ்தர் கையைக் காட்டி நிறுத்தினாள். டாக்டரிடம் ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது பாய், அதான் கேக்கறேன். ஒடம்பு முடியாதவங்களுக்கு உங்க மார்க்கத்துல இன்னா சொல்லியிருக்கு?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "விட்டுடலாம். நல்லானப்பறம் அந்த நோன்ப எடுத்து வெச்சுடணும்."

"அப்ப ஏன் பாய் விடல?"

பாய் அந்த மஞ்சள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த நோன்புக்கு இருப்பனோ இன்னாவோ. கடசியா இத்தயாவது முழுசா வெச்சுட்டுப் போய்ட்லாம்னு."

பதினோரு வருஷ தோஸ்த் நான். என்னிடம் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் அப்படியெல்லாம் பேசாதீங்க என்று சொல்லவில்லை. பயமுறுத்தவும் இல்லை. குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"விட்டத அப்பறம் வெக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. வெக்கறதுக்கு ஆள் வேணாமா பாய்?"

 பக்கத்தில் நின்ற மருமகன் தலையைக் குனித்துக்கொண்டான். ஒரு ஈ பாட்டிலின் மூடியில் உட்கார்ந்து எழுந்தது.

"தண்ணி குடு பேட்டி" என்றார் பாய்.

அவள் தம்ளரைப் பிடிக்க, பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். பாதித் தம்ளரில் நிறுத்தி மூச்சு வாங்கினார். மறுபடி குடித்தார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று பகல் முழுக்க நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அரை மணிக்கு ஒரு தரம் எஸ்தர் வெளியே வந்து எண்ணைச் சொல்லிவிட்டுப் போவாள். முப்பத்தெட்டு. மறுபடியும் முப்பத்தெட்டு. மத்தியானம் முப்பத்தாறு; அந்த அரை மணியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அப்புறம் நாற்பது. நாற்பத்துமூன்று. நாலு மணிக்கு அவளுடைய டியூட்டி முடிந்தது. அவள் போகவில்லை. பொழுது சாய்கிறபோது ஐம்பத்திரண்டு என்றாள், முதல் தடவையாகத் தூணில் சாய்ந்து நின்றாள்.

கஞ்சித் தூக்கு வந்தது. வழக்கம்போல முதல் கிண்ணம் என்னிடம் வந்தது. எனக்கு இறங்கவில்லை. படுத்தபடியே பாய் என்னைப் பார்த்தார்.

"இன்னா மொதலியாரே... நீ நோன்பா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "நான் மட்டும் இன்னா சார், பாட்டிலப் பாத்தேன், ஆளக் கேக்கல" என்றாள். மறுநாளிலிருந்து படுக்கை படுக்கையாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டாள் — எப்போது சாப்பிடுவீர்கள், எதைத் தொட மாட்டீர்கள், என்ன வேண்டுதல் இருக்கிறது என்று. ஜோலார்பேட்டை ரயில்வே ஃபயர்மேன் ஒருவர் விரதம் எடுத்திருந்தாராம். மருந்தில் சாராய வாடை அடிக்கிறதே என்று தினமும் அதை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டிலிலும் கோடு சரியாகத்தான் இறங்கியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே இருந்த குரோட்டன்ஸ் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது.

எனக்கு நிஜமான பயம் அப்புறம்தான் வந்தது. ஊர் திரும்புகிற ரயிலில்.

பல வருஷத்துக்கு முன்னால் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கூண்டில் ஏறினாள். குற்றம் சாட்டப்பட்டவன் அவள் புருஷன். சம்பவம் நடந்த சாயங்காலம் அவன் வீட்டில் இருந்தானா என்பது கேள்வி. அவள் பத்து நிமிஷம் பேசினாள். அடுப்புப் புகையைப் பற்றி என்னவோ சொன்னாள், பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றி என்னவோ சொன்னாள். நான் துரை பக்கம் திரும்பி, "சரியாக நினைவில்லை என்கிறாள்" என்றேன். துரை எழுதிக்கொண்டார். புருஷன் ஜெயிலுக்குப் போனான்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் என்ன சொன்னாள்? ரயில் குடியாத்தம் தாண்டி, காட்பாடி வந்து, எல்லோரும் இறங்கிப் போன பிறகும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. புகை, கோழி... அவ்வளவுதான் மிச்சம். அதில் எங்கேயாவது ஒரு மஞ்சள் இருந்ததா? அதை நான்தான் விட்டேனா? இனிமேல் எனக்கு யார் சொல்வார்கள்?

போன வாரம் பேனாவைத் தொட முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

திங்கட்கிழமை கோர்ட்டு திறந்தது. முதல் சாட்சி மழையில் ஆரம்பித்தான். நான் மழையை மொழிபெயர்த்தேன். மாட்டை மொழிபெயர்த்தேன். மச்சினன் வந்தபோது துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதெல்லாம் அவசியமா என்று கேட்டார்.

"தெரியாது, யுவர் ஆனர். அதனால்தான் சொல்கிறேன்."

துரையின் முகத்தில் நிம்மதி இல்லை. இனி எனக்குப் பதக்கமும் இல்லை.

இன்று காலைத் தபாலில் தாவூது பாயின் கார்டு வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டார் என்று மருமகன் ஓரத்தில் எழுதியிருக்கிறான். பாய் தன் கையால் எழுதியது இரண்டே வார்த்தை: "சுவர் வெள்ளை."

நான் எதையும் சுருக்கவில்லை. அவர் எழுதியதே அவ்வளவுதான்.